ஓட்டை எங்கேன்னு அவளுக்கு எப்படித் தெரியும்?

வாங்ம்மா, உள்ள வாங்க. செருப்பை மட்டும் அங்கியே உட்டுருங்க, கம்ப்யூட்டர் இருக்கற ரூமுங்க. உக்காருங்க. உங்க மொகத்தை எங்கியோ பார்த்தாப்ல இருக்குது. ஏதாச்சும் விசேசத்துல பார்த்திருப்பேன். பெருந்துறை சுத்துவட்டாரத்துல நான் போகாத கல்யாணம் ஏது?

யாரைப் பத்திங்க? மோகனப்பிரியாவா? இங்க வேலைக்கு இருந்தாளே, அந்த மோகனப்பிரியாவா?

அப்பச் சரி. நீங்க மேக்கொண்டு ஒண்ணும் சொல்ல வேண்டாம். பையனுக்குப் பார்க்கறீங்க, வேலை செஞ்ச எடத்துல ஒரு வார்த்தை விசாரிக்கலாம்னு வந்திருக்கீங்க. அதானுங்க? பொண்ணு கட்டறதுக்கு முன்னாடி நாலு பக்கம் விசாரிக்கறது நம்ம வழக்கம்தானே. கூச்சப்படாதீங்க. கூச்சப்பட்டவன் வூட்டுலதான் வேண்டாத மருமக வந்து உக்காருவா.

ஆயிரம் பொய் சொல்லி ஒரு கல்யாணத்தைப் பண்ணும்பாங்க. இந்தச் சென்னியப்பன் அந்த ஆளு இல்லீங்க. இந்தத் திருமண தகவல் மையம் ஆரம்பிச்சதுல இருந்து ஒரு பொய் சொன்னதில்ல. பையன் குடிச்சா குடிக்கறான்னு சொல்லிருவேன். அதனால கேட்டுக்கோங்க, உள்ளது உள்ளபடி சொல்றேன். ஒரு பொண்ணோட வாழ்க்கை. கூடக் கொறையச் சொன்னாப் பாவம்.

வேலை நல்லாத்தான் செஞ்சாளுங்க. அதை இல்லீன்னு சொல்ல முடியாது. காலேஜ்ல கம்ப்யூட்டர் படிச்சவ. அப்பன் இல்ல, அம்மா மட்டுந்தான். ஜாதகம் அடிக்கறது, போட்டோ ஏத்தறது, பொருத்தம் பார்க்க எடுத்துக் குடுக்கறது எல்லாம் அவதான். வர்றவங்க கிட்ட முகம் கோணாமப் பேசுவா. ஆனா வாய் இருக்குதே, அந்த வாயி! எப்பப் பாரு ஒரு பாட்டு. "ஐயா, அப்டேட் பண்ணோணுங்கய்யா. ஐயா, அப்டேட் பண்ணோணுங்கய்யா." காலையில வந்து கூட்டிப் பெருக்கி, சாமிக்கு ஊதுவத்தி வெச்சதும் மொதல்ல வர்ற வார்த்தை அதுதான்.

என்ன விசயம்னா, நம்ம ஜாதகமெல்லாம் கம்ப்யூட்டர்ல பழைய தமிழ் எழுத்துல, ஃபான்ட்டும்பாங்களே, அதுல அடிச்சது. என்ற அக்கா பையன் யுவராசு அமைச்சுக் குடுத்தது. இன்டர்நெட் பார்க்கறதுக்குத் திறப்போமே, அந்தப் பிரவுசருலயே ஜாதகமும் திறக்கற மாதிரி பண்ணியிருந்தான். நல்லா ஓடிட்டு இருந்துச்சு. ஒரு நாள் அது தன்னால அப்டேட் ஆயிப்போச்சு. காலையில திறந்தா ஒரு எழுத்தைக் காணோம்! அத்தனையும் கட்டம் கட்டமா நிக்குது. ராசிக் கட்டத்துக்குள்ள இன்னொரு கட்டம். மீனம் எது, மேசம் எதுன்னு தெரியல. அன்னைக்குப் பார்த்து பொண்ணு வூடு, மாப்பிள்ளை வூடு ரெண்டு பக்கத்து ஒறம்பரையும் வந்து ஒட்டுக்கா உக்காந்திருக்காங்க. என்ற மானமே போச்சு.

யுவராசு பெங்களூர்ல இருந்து போன்லயே ஏதோ பண்ணிப் பழையதுக்கே கொண்டு வந்தான். "மாமா, இனிமே அப்டேட் கேட்டா அமுக்கிராதீங்க. நான் ஊருக்கு வர்றப்ப எல்லாத்தையும் புது எழுத்துக்கு மாத்தித் தர்றேன்"னான். அவன் எங்க வர்றான்? பொங்கலுக்கு வர்றேன்னான், ஆடி நோம்பிக்கு வர்றேன்னான். அதுக்காக நான் கடையை மூட முடியுமா?

ஆனா அந்தப் பிரவுசர் உட்டாத்தானே. மூலையில செகப்பா ஒரு புள்ளி வந்து நின்னுக்கிச்சு. அமுக்கு, அமுக்குன்னு கூப்புடுது. நானும் எத்தனை நாளைக்குப் பார்த்துட்டு இருப்பேன்? எனக்கோ படபடப்பு வர்ற உடம்பு. ஆயுத பூசைக்கு வாங்குன லட்சுமி ஸ்டிக்கர் ஒண்ணு மிச்சம் இருந்துச்சு. எடுத்து அந்த மூலையில ஒட்டி, ஒரு பொட்டும் வெச்சு உட்டேன். செகப்பும் தெரியல, லட்சுமியும் வந்தாப்ல ஆச்சு. அதுக்கும் இவ சிரிக்கறா. "ஐயா, வூடு பத்தி எரியறப்ப கண்ணாடியைக் கழட்டி வெச்சாப்ல இருக்குதுங்க." முதலாளியைப் பார்த்துப் பேசற பேச்சா இது?

"சரிங்கய்யா, நானே ராத்திரி உக்காந்து எல்லாத்தையும் புது எழுத்துல அடிச்சுத் தர்றேன், அப்பறம் அப்டேட் பண்ணிக்கலாம்"னா அவ. கொஞ்சம் அடிக்கவும் அடிச்சா. நாந்தான் வேண்டாம்னு நிறுத்துனேன். அந்த நேரத்துக்கு ரெண்டு வரனைக் கூப்புட்டுப் பேசலாமில்ல? நல்லா இருக்கற ஜாதகத்தை எதுக்கு மறுபடி அடிக்கறது?

அப்பறந்தான் ஒரு நாள் பேப்பரைத் தூக்கிட்டு வந்தா. கண்ணெல்லாம் பெருசாகி வந்து நிக்கறா. பிரவுசருல வீடியோ ஓடற பாகத்துல ஒரு பெரிய ஓட்டை இருக்குதாம். கெட்ட வீடியோ ஒண்ணைச் செஞ்சு அனுப்புவானுகளாம். நாம அதைத் திறந்து பார்த்தாலே போதுமாம், வேற ஒண்ணும் அமுக்க வேண்டாமாம், எங்கியோ உக்காந்திருக்கறவன் நம்ம கம்ப்யூட்டருக்குள்ள வந்து உக்காந்துக்குவானாம். கேட்டீங்களா கதையை? படம் பார்த்தா வூட்டுக்குத் திருடன் வருவான்னா ஊர்ல ஒரு சினிமாக் கொட்டகை இருக்குமா?

நான் சிரிச்சேன். அவ உடறதா இல்ல. "ஐயா, சித்தே கேளுங்க. ஒரு படி பால் புடிக்கற போசில ரெண்டு படி ஊத்துனா என்னாகும்? வழிஞ்சு பக்கத்துல இருக்கற போசில உழும். கம்ப்யூட்டர் ஞாபகம்னு வெச்சிருக்கறது வரிசையா அடுக்குன போசி மாதிரிங்க. வீடியோக்காரன் வேணும்னே கூட ஊத்தறான். அந்த வழிசல்ல விசத்தைக் கலந்து அனுப்பறான். பக்கத்துப் போசில என்ன இருந்துச்சோ அது கெட்டு, அவன் சொன்ன பேச்சைக் கேக்க ஆரம்பிச்சுரும். புது அப்டேட்ல அந்தப் போசிக்கு மூடி போட்டிருக்காங்க. நம்ம கிட்ட மூடி இல்லீங்கய்யா."

நான் என்ன சொன்னேன்னா, "ஏம்மிணி, இங்க நாம கல்யாணம் பேசறமா, பால் கறக்கறமா?"ன்னேன். அங்க வரன் பார்க்க வந்து உக்காந்திருந்தவங்க அத்தனை பேரும் சிரிச்சாங்க. மொகம் சுண்டிப் போயி உக்காந்துட்டா. அன்னைக்கே என்ற மேல ஒரு காந்தல் வெச்சிருப்பான்னு இப்பத்தான் எனக்குப் புரியுது.

இப்ப விசயத்துக்கு வர்றேன். நம்ம ரைஸ்மில்காரர் ஒருத்தர், ஒரே பொண்ணு. டாக்டர் மாப்பிள்ளை வேணும், அதும் வெளிநாட்டுல இருக்கோணும்னு ஒத்தைக் கால்ல நிக்கறாரு. நானும் தேடாத எடமில்ல. அப்பப் பார்த்து ஒரு மெயில் வருது. கனடா டாக்டர், நம்ம பக்கத்துக் குடும்பம், பொண்ணு வேணும், மாப்பிள்ளை வீடியோ இதுல இருக்குது, அமுக்கிப் பாருங்கன்னு. இப்பல்லாம் அதுதானே மோஸ்தரு. போட்டோ போதாது, மாப்பிள்ளை நடக்கறது, பேசறது, காரை விட்டு எறங்கறது எல்லாம் வீடியோ எடுத்து அனுப்பறாங்க. எனக்குக் கையுங் காலும் ஓடல. தேடுன வரன் வூடு தேடி வந்திருச்சே!

இவ திறக்க மாட்டேன்னுட்டா.

ஆமாங்! என்ற கம்ப்யூட்டரு, என்ற கடை, நான் சம்பளம் குடுக்கறேன். திறன்னு சொன்னா, கையை மடியில வெச்சுட்டு உக்காந்திருக்கா. "யாரு என்னன்னு தெரியாமக் கேக்காம வர்ற வீடியோவை நம்ம கம்ப்யூட்டர்ல திறக்க வேண்டாங்கய்யா. ஒரு போன் நெம்பர் கேட்டு எழுதலாம், பேசிப் பார்த்துட்டுத் திறக்கலாம்." கேளுங்ம்மா இந்த அநியாயத்தை. மாப்பிள்ளை நம்மளைக் கேட்டுட்டா வருவான்? நாம இவங்கிட்ட நெம்பர் கேட்டு எழுதறதுக்குள்ள ஈரோட்டுத் தரகன் கொத்திட்டுப் போயிருவான்.

அவ பின்கட்டுக்குப் போயி சோத்துப் போசியைத் திறந்தா. நான் இங்க வந்து அந்த வீடியோவைத் திறந்தேன்.

ஒண்ணும் வரல. வெள்ளையா நின்னுது. ஒரு மாப்பிள்ளையும் வரல, காரும் வரல. பிரவுசரே பொட்டுனு மூடிக்கிச்சு. மறுபடி திறந்தேன். மறுபடியும் மூடிக்கிச்சு. லட்சுமியைத் தொட்டுக் கும்புட்டுட்டு இன்னொரு தடவையும் திறந்து பார்த்தேன். என்னடா இது, இவ கரிநாக்கு பலிச்சிருச்சுன்னு நெனைச்சுட்டு உட்டுட்டேன். சாப்புட்டுட்டு வந்தவ என்ற மொகத்தைப் பார்க்கறா, கம்ப்யூட்டரைப் பார்க்கறா. "ஐயா, அதை யாராச்சும் திறந்தீங்களா?"ன்னா. நான் எதுக்குங்க பதில் சொல்லோணும்? முதலாளி நானா, அவளா? இல்லீன்னேன். அத்தோட முடிஞ்சுது.

முடிஞ்சுதுன்னு நெனைச்சேன். அடுத்த அமாவாசைக்குள்ள ஊரே தீப்புடிச்சாப்ல ஆயிப்போச்சு. நம்ம கிட்ட இருந்த பொண்ணுக போட்டோ, ஜாதகம், போன் நெம்பர் எல்லாம் ஏதோ ஒரு அசிங்கமான எடத்துல போயி நிக்குது. கண்ட நாயும் போன் பண்ணி, கேக்கக் கூடாததை எல்லாம் கேட்டிருக்கானுக. ஒரு புள்ள பேங்க் வேலைக்குப் போறதையே நிறுத்திருச்சு. ஒரு வூட்டுல நிச்சயமே நின்னு போச்சு. என்ற பொண்ணுக மாதிரிதானே எல்லாமே.

அத்தனை சனமும் இங்க வந்துருச்சு. இந்த ரூமுல நிக்க எடமில்ல. சட்டையைப் புடிக்கறாங்க, மண்ணை வாரித் தூத்தறாங்க. ஒரு அம்மா உள்ளயே வர முடியாம வாசப்படியில உக்காந்துட்டாங்க, முந்தானையை வாயில வெச்சுட்டு. இவ என்ன பண்றா தெரியுங்களா? சொம்புல தண்ணியைக் கொண்டு போயி அந்தம்மாவுக்குக் குடுத்துட்டு, பக்கத்துலயே உக்காந்து முதுகைத் தடவிக் குடுக்கறா! இங்க என்ற மானம் சந்தி சிரிக்குது, இவளுக்கு அங்க தண்ணி குடுக்கறது பெருசாப் போச்சு.

அந்தக் கோவத்துலதான் சொன்னேன். கோவத்துல சொன்னாலும் உண்மையைத்தான் சொன்னேன். "கம்ப்யூட்டருல கை வெக்கறது அவ ஒருத்திதான். கேக்கறதை அவளைக் கேளுங்க. போனைப் புடுங்கிப் பாருங்க"ன்னேன். புடுங்கிப் பார்த்தாங்க. அதுல ஒண்ணும் இல்ல. இல்லீன்னா? அழிச்சிருப்பா. படிச்சவளுக்கு அழிக்கத் தெரியாதா?

அழுகலீங்க. அழுதிருந்தாக்கூட நான் மனசு எளகியிருப்பேன். எந்திரிச்சு நின்னு, அத்தனை பேர் முன்னாடியும் ஒரே ஒரு கேள்வி கேட்டா. "ஐயா, அந்தக் கனடா வீடியோவை யாருங்க திறந்தது?"

நீங்களே சொல்லுங்ம்மா. சோறு போட்ட முதலாளியைக் கேக்கற கேள்வியா அது? எனக்கு வந்துச்சே ஆத்திரம்! "போடி வெளிய"ன்னேன். சோத்துப் போசியைக்கூட எடுக்காமப் போனா. அது இன்னும் அந்த அலமாரியிலதான் கெடக்குது.

போலீஸா? வந்தாங்க. சைபர் கிரைம்ல இருந்து ஒரு எஸ்.ஐ. அம்மா. சின்ன வயசு. கம்ப்யூட்டரைத் தூக்கிட்டுப் போயிப் பார்த்துட்டு, "பழைய பிரவுசருங்க, வீடியோ வழியா உள்ள வந்திருக்கானுக, அந்தப் பொண்ணு மேல ஒண்ணும் இல்ல, நீங்கதான் அப்டேட் பண்ணாம உட்டுட்டீங்க"ன்னுச்சு. பொம்பளைக்குப் பொம்பளை உட்டுக் குடுக்குமா? எனக்குப் பாடம் நடத்திட்டுப் போயிருச்சு.

நான் ஒரே கேள்விதான் கேக்கறேன். வீடியோவுல ஓட்டை இருக்குதுன்னு இவளுக்கு முன்னாடியே எப்படித் தெரியும்? எனக்குத் தெரியல. யுவராசுக்குத் தெரியல. ரைஸ்மில்காரருக்குத் தெரியல. இவளுக்கு மட்டும் தெரியுது. எந்தச் சுவத்துல ஓட்டை இருக்குதுன்னு வூட்டுக்காரனுக்கா தெரியும்? திருடனுக்குத்தானே தெரியும்! பேப்பர்ல போட்டிருந்துச்சாம். பேப்பர்ல ஆயிரம் போடுவான்.

அவ போட்டோவும் அதுல போச்சுன்னு சொல்லுவாங்க. ஆமா, போச்சு. அப்பனில்லாத புள்ளன்னு நாந்தான் ஒரு பைசா வாங்காம அவ ஜாதகத்தையும் போட்டோவையும் ஏத்தி வெச்சிருந்தேன். எம் பெரிய மனசுக்குக் கெடைச்ச கூலி இது. அவளுக்கும் போன் வந்துச்சாம். வந்தா என்னங்க? தன் வூட்டுலயும் கொஞ்சம் களவு போனாத்தானே சந்தேகம் வராது.

உங்களுக்கு முன்னாடியும் ரெண்டு எடத்துல இருந்து வந்தாங்க. கவுந்தப்பாடி, அப்பறம் சிவகிரி. இதே நாக்காலியில உக்கார வெச்சு, காப்பி வாங்கிக் குடுத்து, இதே மாதிரி ஒண்ணு விடாமச் சொன்னேன். கும்புட்டுட்டுப் போனவங்கதான். திரும்பிப் பார்க்கல. நான் கெடுக்கோணும்னு சொல்லலீங்க. கேட்டாங்க, சொன்னேன். கேட்டுப்போட்டா மறைக்கவா முடியும்?

என்னங்ம்மா எந்திரிச்சுட்டீங்க? காப்பி சொல்லியிருக்கனுங்க.

விசாரிக்க வரலையா? அப்பறம் எதுக்குங்க வந்தீங்க?

படத்தைக் கம்ப்யூட்டர்ல இருந்து எடுக்கோணுமா? யாரு படத்தை?

மோகனப்பிரியா படத்தையா? ஆமா, இருக்குதுங்க. இங்கதான் இருக்குது. புதுக் கம்ப்யூட்டரு வாங்கிப் பழசை எல்லாம் அப்படியே ஏத்திட்டோமில்ல. அதுல எதை எடுக்கறது, எதை வெக்கறதுன்னு யாரு பார்த்தா. வரன் அமைஞ்சா வந்து சொல்லுவாங்க, எடுப்போம், அதானே வழக்கம். அவளுக்கு எங்க அமையப் போகுதுன்னு...

அமைஞ்சிருச்சா? உங்க பையனுக்கா? நாளே குறிச்சாச்சா?

என்ற கிட்ட ஒரு வார்த்தை... இல்லீங்க, நான் சொல்ல வர்றது, எப்படிப் பழக்கம்னு. தரகர் யாருங்க?

வூடு வூடாவா? யாரு, மோகனப்பிரியாவா? எப்பங்க?

நான் வெளிய தாட்டி உட்டதுக்கு அடுத்த நாளே பஸ் ஏறிட்டாளா? போட்டோ போன ஒவ்வொரு வூட்டுக்குமா? எதுக்கு? போன் நெம்பரை மாத்தச் சொல்லி, போலீஸ்ல எழுதிக் குடுக்கச் சொல்லி... பாருங்க, நான் போகச் சொல்லலீங்க. கடை விசயத்தை அவ எதுக்கு வெளிய கொண்டு போகோணும்?

உங்க வூட்டுக்கும் வந்தாளா? அப்ப உங்க பொண்ணு படமும்... நிச்சயம் நின்னு போச்சே, அந்தப் புள்ளையா உங்க பொண்ணு?

இருங்க. அன்னைக்கு வாசப்படியில உக்காந்திருந்தது...

நீங்களா?

மொகத்தை எங்கியோ பார்த்தாப்ல இருக்குதுன்னு வந்ததும் சொன்னனே. சொன்னனில்லீங்? அன்னைக்கு முந்தானையை வாயில வெச்சிருந்தீங்க, அதனால மொகம் தெரியல. இல்லீன்னா எனக்குத் தெரியாதா?

அந்தத் தண்ணியைப் பத்தி நான் தப்பா ஒண்ணும் சொல்லலீங்ம்மா. ஒரு பேச்சுக்குச் சொன்னேன்.

படத்தை எடுக்கறது எப்படின்னு எனக்குத் தெரியாதுங்க. நெசமாலும் தெரியாது. அதெல்லாம் அவதான் பண்ணுவா. நீங்களே பண்றீங்களா? உங்க பொண்ணு படத்தையும் சேர்த்தா? மருமக சொல்லிக் குடுத்து அனுப்புனாளா? சரி, பண்ணிக்கோங்க. நமக்கெதுக்கு இன்னொருத்தர் வூட்டுப் புள்ளை படம்.

அய்யய்யோ, அது லட்சுமிங்க! எதுக்குங்க நகத்துல சொரண்டறீங்க? அதும் அடியிலதான் பட்டன் இருக்குதா? மெதுவா எடுங்க, கிழிஞ்சுரும். பூசையில வெச்சது.

பார்த்தீங்களா? பார்த்தீங்களா? புதுக் கம்ப்யூட்டரு, யுவராசு அதே பழைய பிரவுசரைத்தான் ஏத்திக் குடுத்தான், ஆனா வந்த நாள்ல இருந்து அந்தச் செகப்பு போகலீங்க. அதைப் பார்த்தாலே எனக்குப் படபடன்னு வருது. அதுக்குத்தான் இதுக்கும் ஒரு லட்சுமியை வாங்கி ஒட்டுனேன். இதை எல்லாம் யாருகிட்டப் போயிச் சொல்றது?

போயிருச்சா ரெண்டு படமும்? சரி. அந்தச் சோத்துப் போசியையும் எடுத்துட்டுப் போறீங்களா? எடுத்துக்கோங்க, யாரு வேண்டாம்னா. அதையும் அவதான் கேட்டு உட்டாளாக்கும்.

பத்திரிகை எனக்கு வைக்கலீன்னாப் பரவால்லீங்க. எத்தனை கல்யாணம் முடிச்ச கை இது, ஒரு கல்யாணம் போனாப் போகட்டும். கூப்புட்டாலும் வரமாட்டேன். போங்க, போயிட்டு வாங்க.

ஏனுங், ஏனுங்ம்மா! லட்சுமியை மேசை மேலயே வெச்சுட்டுப் போறீங்க? எனக்கு அந்த மூலையைப் பார்க்க முடியாதுங்க. போற போக்குல அதை எடுத்த எடத்துலயே ஒட்டிப்போட்டுப் போங்க.